எழுதத் தெரிந்தவர்களுக்கு இடமில்லை

முதல் வகுப்பில் இடம் வேண்டுமென்றால் எழுதத் தெரிந்திருக்கக் கூடாது. பெரியவர்களுக்கான அந்தப் படிப்பு மையத்தில் இப்படி ஒரு விதி வந்ததற்கு அவள்தான் காரணம்.

மையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டு வகுப்பறைகள், நடுவில் ஒரு நடை, நடையின் கோடியில் நிர்வாகக் குழு கூடுவதற்கு ஓர் அறை. அங்கே கிடக்கும் நாற்காலிகளில் எந்த இரண்டும் ஒரே உயரமில்லை. கீழே சக்கரத்துக்குக் காற்றடிக்கும் சத்தம் ஓய்ந்த பிறகுதான் தலைவர் பேச ஆரம்பிப்பார். தலைவர் ஒரு பல் மருத்துவர். கூட்டத்தில் யாராவது கொட்டாவி விட்டால் கூடக் குனிந்து கடைவாயைப் பார்ப்பார் என்று கண்டக்டர் கேலி செய்வார்.

கண்டக்டர் உண்மையிலேயே பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் வகுப்புக்கு அவர்தான் ஆசிரியர். "ரைட்" என்று சொல்லித்தான் வகுப்பை ஆரம்பிப்பார். "எறங்குங்க, எறங்குங்க, கடைசி ஸ்டாப்" என்றுதான் முடிப்பார். யாருக்கும் சம்பளமில்லை. எல்லோரும் மாலை வேளையில் வந்து போகிறவர்கள்.

அவள் நிர்வாகக் குழுவின் செயலாளர். குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். கரும்பலகை முன்னால் நிற்க அவளுக்குக் கூச்சம். அதனால் பாடம் எடுக்க ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது, பேசியதைக் குறித்து வைப்பது, விதி என்ன சொல்கிறது என்று எடுத்துச் சொல்வது, இதெல்லாம் கைவந்த வேலை. முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'சட்டப்புத்தகம்' என்று பெயர். அது அவளுக்குத் தெரியும். கேட்டும் கேட்காதவள் போல இருந்துவிடுவாள். உள்ளுக்குள் கொஞ்சம் பிடித்துமிருந்தது.

அந்த விதி பிறந்ததற்கு ஒரு காவலாளி காரணம். முன்பெல்லாம் முதல் வகுப்பில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர்கள், வீட்டில் பொழுது போகாதவர்கள், விண்ணப்பம் நிரப்ப ஆள் தேடி வந்தவர்கள் எல்லோரும் முன்வரிசையில் இருந்தார்கள். கண்டக்டர் கேள்வி கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் சொல்லிவிடுவார்கள். ஓரெழுத்தும் தெரியாமல் வந்த காவலாளி சில நாள் பின்வரிசையில் குனிந்தபடி இருந்துவிட்டுக் காணாமல் போனார். அவரை ஒருநாள் கடைத்தெருவில் பார்த்து, ஏன் வரவில்லை என்று கேட்டாள்.

"அங்க எல்லாரும் படிச்சவங்களா இருக்காங்கம்மா. எனக்கு என்ன வேலை அங்க?" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அந்த வார்த்தை அவளைத் தூங்கவிடவில்லை. அடுத்த பொதுக்குழுவில் விதியைக் கொண்டுவந்தாள். வருகிறவர் எவரானாலும் முதலில் ஒரு தாளில் தன் பெயர், தெரு, இன்று என்ன செய்தார் என்று எழுத முயல வேண்டும். எழுதிவிட்டால் முதல் வகுப்பில் இடமில்லை, இரண்டாம் வகுப்பு. யாருக்கும் விலக்கில்லை. மாற்ற வேண்டுமென்றால் வருடத்துக்கு ஒருமுறை கூடும் பொதுக்குழுதான் மாற்றலாம். பழைய குழு சொந்தக்காரர்களுக்கு வளைந்து கொடுத்தே பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அதனால் இந்தக் கடைசி வரிக்குத்தான் அதிகம் கைதட்டினார்கள்.

விதி நன்றாகவே வேலை செய்தது. முதல் வகுப்பில் அமைதி வந்தது. காவலாளியும் திரும்பி வந்தார். எழுதத் தெரிந்தும் படிக்கத் தெரியாத ஒரு மனிதர் உலகத்தில் இருக்க முடியும் என்று அந்த மாடியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? படிப்பதுதான் முதல், எழுதுவது அதற்கப்புறம். எல்லோரும் அப்படித்தானே ஏறி வந்தார்கள்.

அவள் கணவர் மருந்துக்கடை வைத்திருந்தவர். எந்த டாக்டர் எப்படிக் கிறுக்கினாலும் சீட்டைக் கையில் வாங்கும்போதே படித்துவிடுவார். வேறு கடைகளில் முழித்துவிட்டு அவரிடம் வருகிறவர்கள் உண்டு. "கோழி கிளறினாக்கூட இவர் அதுல மாத்திரை பேரு கண்டுபிடிச்சிடுவாரு" என்று அவள் தங்கை சொல்லிச் சிரிப்பாள். கடையை மகளிடம் ஒப்படைத்த பிறகும் படிப்பது நிற்கவில்லை. சாப்பிடும்போது, வெளியே கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கும்போது, அவள் பேசிக்கொண்டிருக்கும்போதும் ஏதாவது ஒரு தாள் அவர் கண்ணெதிரே இருக்கும். அவள் சொல்வதற்கெல்லாம் 'ம்' மட்டும் வரும்.

ஒரு காலையில் பேப்பரை விரித்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த ஊர் பேப்பர்? என்ன பாஷையில போட்டிருக்கான்?"

அவள் சிரித்தாள். விளையாடுகிறார் என்று நினைத்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

மூளையின் பின்பக்கம் சின்ன ரத்தக்குழாய் ஒன்று அடைத்துவிட்டது என்றார் டாக்டர். பேச்சு சரியாக இருந்தது. கைகால் சரியாக இருந்தது. வலது ஓரத்தில் பார்வை கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். படிப்பு மட்டும் போய்விட்டது. டாக்டர் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து ஏதாவது எழுதச் சொன்னார். அவர் தடங்கலில்லாமல் எழுதினார்: 'எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போக வேண்டும்.' டாக்டர் அந்தத் தாளையே திருப்பிக் காட்டி, படியுங்கள் என்றார். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"நானா எழுதினேன் இதை?"

"எழுதுற வழி அப்படியே இருக்கு. படிக்கிற வழிதான் அடைபட்டுப் போச்சு," என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொன்னார். "முதல் சில மாசம் முக்கியம்மா. பழக்கப் பழக்க வேற வழி ஏதாவது திறந்துக்கும். அப்ப விட்டுட்டா, அப்புறம் கஷ்டம்."

அதன் பிறகு வீட்டில் அவள்தான் படித்துக் காட்டினாள். மருந்துச் சீட்டு, மின்கட்டண ரசீது, மகள் கடையிலிருந்து அனுப்பும் செய்தி, காலைப் பேப்பர். சாவுச் செய்திகளைத் தாண்டிவிட்டுப் படிப்பாள்.

"என்ன, ஊர்ல இப்பல்லாம் யாருமே சாகறதில்லையா?" என்றார் ஒருநாள்.

"இருக்கறவங்களைப் பத்திக் கேளுங்க முதல்ல."

"கேக்கறேன். நீ சொன்னாத்தானே எனக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் அங்கே பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார். கை வேலை முடிந்து அவள் வரும்வரை அசையவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் இப்படி அவளுக்காகக் காத்திருந்ததில்லை. அந்தக் காத்திருப்பு தனக்குப் பிடித்திருக்கிறது என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. தெரிந்தவுடன் கையிலிருந்த டம்ளரை மறுபடியும் கழுவினாள்.

அவரை வீட்டில் தனியாக விட மனமில்லாமல் குழுக் கூட்டத்தன்று மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் உள்ளே தலைவர் பேச்சைக் குறித்துக்கொண்டிருந்தபோது அவர் நடையில் உலாத்தியிருக்கிறார். வகுப்பிருந்ததால் கூட்டத்துக்கு வராத கண்டக்டர் விடுவாரா? "உள்ள வாங்கண்ணே, சீட் காலி" என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார்.

முதல் வகுப்பில் கண்டக்டருக்கு ஒரு முறை உண்டு. உப்புத்தாளில் எழுத்துகளைப் பெரிதாக வெட்டி அட்டையில் ஒட்டி வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் எழுத்தின் மேல் போய்வர வேண்டும். வேலை செய்து காய்த்துப்போன விரலுக்கும் அந்தச் சொரசொரப்பு தெரியும். விரல் தடம் பிடித்த பிறகுதான் கண்ணைத் திறந்து பார்ப்பது. அவள் கூட்டம் முடிந்து வந்து எட்டிப் பார்த்தபோது, காவலாளிக்கும் ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கும் நடுவில் அவள் கணவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். சுட்டுவிரல் அட்டைமேல் மெதுவாக நகர்ந்தது. வளைந்தது. நின்றது.

"ம," என்றார்.

கண்ணைத் திறந்து அட்டையைப் பார்த்தார். மறுபடியும், "ம தான் இது" என்றார், யாரோ மறுத்துப் பேசுவது போல. காவலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். முன்சீட்டின் முதுகில் விரலால் எதையோ எழுதிக்கொண்டு வந்தார். எழுதிவிட்டு, வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"அந்த அட்டைகளை வாங்கிட்டு வரட்டுமா? வீட்லயே நான் சொல்லித் தர்றேன்," என்றாள் அவள்.

"வேண்டாம்."

"ஏங்க?"

அவர் யோசித்துத்தான் சொன்னார். "நீ சொல்லிக்குடுத்தா நான் நோயாளி. அங்க உக்காந்தா படிக்க வந்தவன். அந்த வாட்ச்மேனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. ரெண்டு பேரும் சேர்ந்து முழிக்கிறோம். அது எனக்கு வேணும்."

கொஞ்சநேரம் கழித்து, "அந்த வகுப்பில எனக்கு ஒரு இடம் கிடைச்சா போதும்" என்றார். தனக்கென்று அவர் எதையும் அவளிடம் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை.

வகுப்பு நிறைந்திருந்தது. அன்று காலியாக இருந்தது சளிக்காய்ச்சலில் வராத ஒருவருடைய இடம். 'ஃபுட்போர்டுல தொங்கிட்டு வரட்டுமே' என்றார் கண்டக்டர். குழுவின் பொருளாளர் கூடாதென்றார். கணவரே கூட, "தொங்கிக்கிட்டுல்லாம் வரமாட்டேன், உன் புருஷன்னு சொல்லியும் வரமாட்டேன். எல்லாரும் எப்படி வர்றாங்களோ அப்படி வர்றேன்" என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் ஒருவர் தேறி மேல்வகுப்புக்குப் போனார். ஓர் இடம் காலி.

புதிதாக வருகிறவர்களைச் சோதிக்கும் வேலை பொருளாளருடையது. பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியராக இருந்தவர். எல்லோருக்கும் போல அவள் கணவருக்கும் ஒரு தாளைக் கொடுத்தார். அவர் பேனாவை வாங்கி, பெயர் எழுதினார், தெரு எழுதினார், இன்று என்ன செய்தேன் என்றும் எழுதினார். ஒரு பிழையில்லை. மணிமணியான எழுத்து. அவள் அப்போது நடையின் கோடியில் நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். முன்கூட்டியே யாரிடமாவது சொல்லி வைத்திருக்கலாம். சொன்னால் சிபாரிசு ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

"இவ்வளவு அழகா எழுதறீங்க, உங்களுக்கு எதுக்கு சார் முதல் வகுப்பு? செயலாளரம்மாவோட விதிப்படி நீங்க ரெண்டாம் வகுப்பு," என்று அவரைக் கையோடு கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தார் பொருளாளர்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பழக்கம். புதிதாக வருகிறவர் எழுந்து நின்று, தான் எழுதிய தாளைத் தானே உரக்கப் படித்து அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். படித்து முடித்ததும் எல்லோரும் கை தட்டுவார்கள். மனிதருக்குத் தைரியம் வரட்டும் என்று நல்ல எண்ணத்தில் யாரோ ஆரம்பித்து வைத்தது. அவர் எழுந்து நின்றார். தாளைப் பிடித்துக்கொண்டார். எழுதியது அவருக்கு மனப்பாடமாகவே தெரியும். சும்மா சொல்லியிருந்தாலும் போயிருக்கும். படிக்கச் சொன்னார்கள் என்றால் படிக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிற மனிதர் அவர். படிக்கப் பார்த்தார். தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். எல்லோரும் கைதட்டத் தயாராக இருந்தார்கள்.

"சார், கண்ணாடியை மறந்துட்டீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி ஆதரவாகக் கேட்டாள்.

"ஆமா. மறந்துட்டேன்," என்றார் அவர்.

கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கேலி இல்லை, தாங்க முடியாமல் வந்த சிரிப்பு. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நடையிலிருந்து கதவிடுக்கு வழியாக அவள் இதையெல்லாம் பார்த்தாள்.

அன்று அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "முதல் வகுப்புன்னா வர்றேன். அங்க இனிமே வரமாட்டேன்."

அவள் விஷயத்தை நிர்வாகக் குழுவுக்குக் கொண்டுபோனாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள், முதல் சில மாதம்தான் முக்கியம் என்பதையும் சொன்னாள். பிறகு எழுந்து வெளியே வந்தாள். உறவினர் விஷயம் பேசும்போது அந்த உறுப்பினர் அறையில் இருக்கக் கூடாது. அது அவள் எழுதிய விதியில்லை. ஆனால் அதை வாசித்துக் காட்டி மற்றவர்களை வெளியே அனுப்பியவள் அவள்தான்.

மாடிப்படியில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். இஸ்திரி வண்டி வைத்திருப்பவள். காலியாகும் இடத்துக்காக முந்தைய பருவத்திலிருந்தே காத்திருக்கிறாள். அடுத்த இடம் உங்களுக்குத்தான் என்று அவளிடம் சொன்னதும் செயலாளர்தான்.

"ஒரு இடம் காலியாமே? கண்டக்டரு சொன்னாரு."

"ஆமா. உள்ள பேசிக்கிட்டிருக்காங்க."

"என்னையப் பத்தியா?" இஸ்திரிக்காரம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வயசான காலத்துல எதுக்கு இதெல்லாம்னு என் மருமக கேக்கறா. எல்லாரும் போனைப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறாங்கம்மா. பஸ்ல சிரிக்கிறாங்க, வீட்ல சிரிக்கிறாங்க. என்னான்னு கேட்டா, உனக்குப் புரியாதுங்கறாங்க. அது என்ன சிரிப்புன்னு எனக்கும் தெரியணுமில்ல?"

அவள் தலையாட்டினாள். பக்கத்தில் உட்காராமல் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே குரல்கள் உயர்ந்தன. குழுவிலிருந்த வக்கீலம்மாவின் குரல் தனியாகக் கேட்டது.

"எழுதிப் பாக்கச் சொன்னது எதுக்கு? படிப்பு வருதான்னு கண்டுபிடிக்க. இவருக்கு எழுத்து வருது, படிப்பு வரல. சோதனைதான் தப்பு, மனுஷன் இல்ல!"

"இன்னிக்கு இவரு. நாளைக்கு என் மச்சான், நாளன்னிக்கு உங்க சித்தப்பா," இது பொருளாளர். "வளைஞ்சு வளைஞ்சுதானே போன கமிட்டி ஒடிஞ்சுது."

கண்டக்டர் ஏதோ சொன்னார். சிரித்தார்கள். தலைவர் கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டார்.

"ரெண்டு பக்கமும் சமமா நிக்குது," என்றார். "நீங்க ஓட்டுப் போட வேண்டாம், அது முறையில்ல. என் ஓட்டையும் இன்னும் போடல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். விதியை எழுதினது நீங்க. எழுதும்போது உங்க மனசுல யார் இருந்தாங்க? அதைச் சொல்லுங்க. அதுபடி நான் முடிவு பண்ணிக்கறேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கண்டக்டர் கண்ணாலேயே 'சொல்லுங்க, சொல்லுங்க' என்றார். சொல்ல வேண்டியது கஷ்டமான விஷயமும் இல்லை. காவலாளி இருந்தார். படிக்கத் தெரியாமல், தெரிந்தவர்கள் நடுவில் குனிந்து உட்கார்ந்திருந்த ஒருவர். அப்படி இன்னொருவரைப் போன வாரம் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாளே, அவரும் அதே ஆள்தான். இவ்வளவுதான் உண்மை. அது கணவருக்குச் சாதகமான உண்மையாக இருந்தது. அதனாலேயே அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. சொன்னால், புருஷனுக்காக இவள் மனசில் இருந்ததையே மாற்றிச் சொல்லிவிட்டாள் என்று பொருளாளர் நினைப்பார். படியில் அந்த அம்மாள் வேறு முகம் மலர்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"எழுதத் தெரிஞ்சவங்களுக்கு முதல் வகுப்புல இடமில்ல. விதி அதுதான்," என்றாள். "மாத்தணும்னா பொதுக்குழுவுலதான் மாத்தணும்."

"நான் அதைக் கேக்கலம்மா," என்றார் தலைவர் மெதுவாக.

"எனக்குச் சொல்ல வேற ஒண்ணும் இல்ல."

வக்கீலம்மா பேனாவை மேசைமேல் போட்டாள். தலைவர் பெருமூச்சு விட்டார். கீழே யாரோ ஒரு சக்கரத்தைச் சுழற்றி விட்டு அது தானாக ஓயட்டும் என்று விட்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை தலைவர் காத்திருந்தார். இடம் இஸ்திரிக்காரம்மாவுக்குப் போயிற்று.

வீட்டில் அவர் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அவள் விளக்கைப் போட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. தலைவர் கேட்டதையும் தான் சொன்னதையும் சொன்னாள்.

"ம்," என்றார். பழைய நாட்களின் அதே 'ம்'. பிறகு, "சரியாத்தான் சொல்லியிருக்கே. கடையில நானும் அப்படித்தானே. சீட்டு இல்லாம என் சொந்த அண்ணனுக்கே மாத்திரை குடுத்ததில்ல" என்றார்.

அவர் திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள். அழுதிருந்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவர் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாளே கண்டக்டர் உப்புத்தாள் அட்டைகளில் ஒரு கட்டு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "அண்ணே, ஸ்பெஷல் பஸ் விட்டிருக்கேன், உங்க ஒருத்தருக்காக" என்றார். கணவர் சிரித்தார், டீ குடிக்கச் சொன்னார், கண்டக்டராக இருந்த காலத்துக் கதைகளைக் கேட்டார். அட்டைகளைத் தொடவில்லை. கண்டக்டர் போகும்போது பையை அவரே எடுத்துக் கொடுத்தனுப்பினார். "வகுப்புல வேணும்ல உங்களுக்கு. அந்த அம்மா புதுசா சேர்ந்திருக்காங்களே."

அதற்குப் பிறகு அவள் பலமுறை கேட்டாள். நான் சொல்லித் தரவில்லை, பக்கத்தில் கூட வரவில்லை, மகளை வரச் சொல்கிறேன், ஆள் வைக்கிறேன் என்றெல்லாம். ஒவ்வொரு முறையும் "பாக்கலாம்" என்றார். மாதங்கள் அப்படியே போயின. மையத்துக்கு அவர் வருவதில்லை. அவள் கூட்டத்துக்குக் கிளம்பினால், தெருமுனை முடிவெட்டும் கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார். மருந்துப் புட்டிகளை மூடி நிறம் பார்த்து எடுக்கப் பழகிவிட்டார். பஸ்ஸை நிறம் பார்த்து, நிற்கும் இடம் பார்த்து, பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு ஏறினார். பேனாவைத் தொடுவதில்லை. "எழுதி என்ன பண்ண? திரும்பிப் பாத்தா யாரோ எழுதினது மாதிரி இருக்கு" என்றார் மகளிடம்.

இரவுகளில் அவள் தன்னையே விசாரித்தாள். நியாயத்துக்காகத்தான் அப்படிச் சொன்னேனா? பெயர் கெட்டுவிடும் என்ற பயமா? இல்லை, பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு அவர் காத்திருப்பது இல்லாமல் போய்விடும் என்றா? கடைசிக் கேள்விக்கு இல்லை இல்லை என்று வேகமாகச் சொல்லிக்கொண்டாள். அந்த வேகம் அவளுக்கே பிடிக்கவில்லை.

பொதுக்குழு கூடியது. நாற்காலி போதாமல் பலர் சுவரோரம் நின்றார்கள். விதியை மாற்றும் தீர்மானத்தை அவளே எழுந்து சொன்னாள். இனிமேல் வருகிறவரை எழுதச் சொல்ல வேண்டாம், படித்துப் பார்க்கச் சொன்னால் போதும்; புதியவர்கள் எழுந்து நின்று படிப்பதும் அவரவர் விருப்பம். அந்த விதியை எழுதியபோது தன் மனதில் இருந்தது காவலாளிதான் என்றும் சொன்னாள். தலைவர் அன்று கேட்ட கேள்விக்கான பதிலை இத்தனை நாள் கழித்து, கேட்காதபோது சொன்னாள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. பொருளாளர் கையும்.

கண்டக்டர் படியிறங்கும் வரை கூடவே வந்தார். "வர்ற வாரம் ஒரு இடம் காலியாகுதுக்கா. அண்ணனைக் கூட்டிட்டு வாங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அவள் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்தாள். அவர் முடிவெட்டும் கடையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். அவர் கேட்டுக்கொண்டார்.

"நல்லது. இனிமே வர்றவங்களுக்கு உதவும்."

"உங்களுக்குத்தாங்க. இடம் இருக்கு. முதல் வகுப்பு."

"எனக்கு வேண்டாம்மா."

"வாட்ச்மேன்லாம் மேல்வகுப்புக்குப் போயிட்டாரு. எல்லாரும் புதுசு. யாருக்கும் உங்களைத் தெரியாது."

"அதுக்கில்ல." கட்டிலில் உட்கார்ந்து, எப்படிச் சொல்வது என்று பார்ப்பவர் போலத் தன் சுட்டுவிரலைப் பார்த்தார். "அப்ப நான் படிக்கத் தெரிஞ்சவன். கொஞ்ச நாளா முடியல, அவ்வளவுதான். அதைத் திரும்ப எடுத்துக்கணும்னு ஒரு வெறி இருந்துச்சு. இப்ப இல்ல. இப்ப நான் படிக்காதவன். பழகிப்போச்சு. திரும்ப அந்த வெறியைக் கொண்டாந்து, அப்புறம் படிப்பு வரலைன்னு தெரிஞ்சா, இன்னொரு தடவை என்னால முடியாது."

"வரும்ங்க. வராம எங்க போகும். எனக்காக ஒரே ஒரு நாள்..."

"உனக்காகவா?"

கோபமில்லாமல்தான் கேட்டார். கேட்டுவிட்டு நிஜமாகவே பதிலுக்காக அவளைப் பார்த்தார். விதிகளில் எந்தெந்த வரி எதைச் சொல்கிறது என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்பவள், நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அந்த இஸ்திரிக்காரம்மா என்ன ஆனாங்க?" என்று அவரே பேச்சை மாற்றினார்.

"ரெண்டாம் வகுப்புக்குப் போயிட்டாங்க. இன்னிக்கு வந்திருந்தாங்க. போனைப் பாத்து ஏதோ படிச்சிச் சிரிச்சிட்டிருந்தாங்க."

"அப்படியா?" அவர் முகம் முழுக்க மலர்ந்தது. நடிப்பில்லை, அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று வரவழைத்ததும் இல்லை. யாரோ ஒரு பெண் சிரித்ததற்காக உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "என்ன சிரிப்பாம்? கேட்டியா?"

"கேக்கல."

"கேட்டிருக்கலாம்," என்றார் அவர். கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது அவருக்கு. துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். தண்ணீர் விழும் சத்தம் வந்தது. அவள் பையை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.